உண்மையை முதல்ல சொன்னது யாரு?

இந்த எபிசோடை ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கலாம்.

நிஜ மனிதர்களைப் பற்றிய ஒரு படத்தைப் பார்த்து முடிக்கிறீங்க. திரை கறுப்பாகிறது, வெள்ளை எழுத்தில் நாலு வரி வருகிறது. இந்த வழக்கு இந்த வருஷம் முடிந்தது, இவருக்கு இந்த விருது கிடைத்தது என்று போடுவார்கள். சில படங்களில் அசல் ஆளின் போட்டோவும் வரும். பெரும்பாலும் அவர் ஒரு வக்கீலாக இருப்பார், இல்லாவிட்டால் ஒரு பத்திரிகையாளராக இருப்பார். உயிரைக் கொடுத்து உண்மையைத் தேடிப் போனவர். நமக்கும் கண் கலங்கும். ஒரு ஸ்டேட்டஸ் போட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுவோம்.

என் கேள்வி இதுதான். அந்த வக்கீலிடமோ பத்திரிகையாளரிடமோ அந்த உண்மையை முதல்ல கொண்டு வந்து கொடுத்தது யாரு? அதுக்கு முன்னாடி அந்த ஆள் எத்தனை கதவைத் தட்டியிருப்பார்?

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு மூன்று படங்களைப் பார்க்கப் போறோம்: ‘ஸ்பாட்லைட்’, ‘டார்க் வாட்டர்ஸ்’, ‘ஜெய் பீம்’. எல்லாமே நிஜத்தில் நடந்தவை என்பதால் ஸ்பாய்லர் பற்றிக் கவலைப்படாமல் பேசுகிறேன். ஊர், மொழி, பிரச்சினை எல்லாமே வேற வேற. ஆனா மூன்றுக்கும் பொதுவான ஒரு விஷயம் உண்டு. மூன்றிலுமே உண்மை எங்கேயும் ஒளிந்திருக்கவில்லை. யாரோ ஒருவர் அதை ஏற்கெனவே சத்தமாகச் சொல்லிவிட்டிருந்தார். கேட்கத்தான் ஆள் இல்லை.

முன்பே வந்து சேர்ந்த பெட்டி

முதல்ல ‘ஸ்பாட்லைட்’. 2015-ல் வந்த படம், இயக்கியவர் டாம் மெக்கார்த்தி. சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் ‘பாஸ்டன் குளோப்’ என்று ஒரு நாளிதழ். அதில் ‘ஸ்பாட்லைட்’ என்ற பெயரில் ஒரு சின்னப் புலனாய்வுக் குழு. அன்றாடச் செய்தி எழுதுவது அவர்கள் வேலை இல்லை. ஒரே விஷயத்தை மாதக்கணக்கில் தோண்டுவதுதான் வேலை. 2001 ஜூலையில் மார்ட்டி பேரன் என்பவர் பத்திரிகையின் புது ஆசிரியராக வருகிறார். அவர் பாஸ்டன்காரர் இல்லை, வெளியூர். சிறுவர்களைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கிய ஒரு பாதிரியாரைப் பற்றிப் பத்திரிகையில் வந்த பத்தி ஒன்றைப் படிக்கிறார். வழக்கின் ஆவணங்களை நீதிமன்றம் சீல் வைத்திருக்கிறது என்று அதில் இருக்கிறது. அந்த ஆவணங்களைப் பெற நாம் ஏன் நீதிமன்றம் போகக் கூடாது என்று கேட்கிறார். பாஸ்டன் கத்தோலிக்கர்கள் நிறைந்த ஊர். பத்திரிகையின் வாசகர்களிலும், அதில் வேலை செய்பவர்களிலும் நிறைய பேர் அந்தப் பின்னணியில் வளர்ந்தவர்கள். உள்ளூர்க்காரர்கள் யாருக்கும் கேட்கத் தோன்றாத கேள்வியை வெளியூர்க்காரர் ஒருவர் கேட்டார்.

அதன் பிறகு அந்தக் குழு செய்ததுதான் எனக்கு இந்தப் படத்தில் ரொம்பப் பிடித்த பகுதி. ரகசிய கேமரா கிடையாது, துரத்தல் கிடையாது. மறைமாவட்டம் வருஷா வருஷம் ஒரு கையேடு வெளியிடும். எந்தப் பாதிரியார் எந்தப் பங்கில் பணி செய்கிறார் என்ற விவரம் அதில் இருக்கும். யாரும் எடுத்துப் பார்க்கக்கூடிய புத்தகம்தான். புகார் வந்த பாதிரியார்களின் பெயருக்கு எதிரே ‘உடல்நல விடுப்பு’ என்கிற மாதிரி ஒரு குறிப்பு இருப்பதைக் கவனிக்கிறார்கள். அப்போ அதே மாதிரி குறிப்பு வேறு யார் யாருக்கு இருக்கு? பழைய கையேடுகளை அடுக்கி வைத்துக்கொண்டு வரி வரியாக ஸ்கேல் வைத்துப் படிக்கிறார்கள். கணினியில் பட்டியல் போடுகிறார்கள். படத்தில் அந்தப் பட்டியல் 87 பெயர்களில் வந்து நிற்கும்.

சரி, நம்ம கேள்விக்கு வருவோம். இதை முதல்ல சொன்னது யாரு?

படத்தில் ஃபில் சவியானோ என்று ஒருவர் ஒரு பெட்டியோடு பத்திரிகை அலுவலகத்துக்கு வருவார். அவர் நிஜ மனிதர். சிறுவயதில் ஒரு பாதிரியாரால் பாதிக்கப்பட்டவர். 1990-களில் திருச்சபை அவருக்கு நஷ்டஈடு கொடுக்க முன்வந்தது. ஆனால் இதைப் பற்றி வெளியே பேசக் கூடாது என்பது நிபந்தனை. அவர் அப்போது எய்ட்ஸ் நோயாளி. தான் ரொம்ப நாள் இருக்கப் போவதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவர். அந்த நிலையிலும் வாயை மூடும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். நிறைய பேர் வேறு வழி இல்லாமல் கையெழுத்துப் போட்டார்கள், அது அவர்கள் தப்பு இல்லை. ஆனால் இவர் போடாததால்தான் இவரால் பின்னாடி பேச முடிந்தது.

படத்தில் அவர் அந்தக் குழுவிடம் சொல்லும் ஒரு விஷயம் நம்மைக் குத்தும். இதே தகவல்களை எல்லாம் சில வருஷம் முன்பே உங்கள் பத்திரிகைக்கு அனுப்பினேனே, யாரும் கண்டுகொள்ளவில்லையே என்பார்.

இதைவிடப் பெரிய அடி ஒன்று கடைசியில் வரும். 1993-லேயே இருபது பாதிரியார்கள் மீதான புகாரைப் பற்றி இதே பத்திரிகையில் ஒரு செய்தி வந்திருக்கிறது. உள்பக்கத்தில், சின்னதாக. அப்போது அந்தப் பகுதிக்குப் பொறுப்பாசிரியர் யார் தெரியுமா? ஸ்பாட்லைட் குழுவின் தலைவர் வால்டர் ராபின்சனேதான். திரைக்கதைக்காகப் பழைய இதழ்களைத் தேடியபோது எழுத்தாளர்கள் கண்டுபிடித்த விஷயம் இது. ராபின்சனுக்கு அந்தச் செய்தியே ஞாபகம் இல்லை. ஆனால் அது தன் பொறுப்பு என்று ஒத்துக்கொண்டார். அது படத்திலும் இடம்பெற்றது.

யோசிச்சுப் பாருங்க. படத்தின் ஹீரோவே ஒரு காலத்தில் சாத்தியிருந்த கதவுகளில் ஒருவர்.

2002 ஜனவரி 6-ம் தேதி முதல் கட்டுரை வெளியானது. அந்த ஒரு வருஷத்தில் மட்டும் கிட்டத்தட்ட 600 செய்திகள். டிசம்பரில் கர்தினால் பெர்னார்ட் லா பதவி விலகினார். 2003-ல் பத்திரிகைக்குப் புலிட்சர் விருது கிடைத்தது. சவியானோ தான் நினைத்ததைவிட நெடுநாள் வாழ்ந்து, அந்தப் படத்தையும் பார்த்து, 2021-ல் காலமானார்.

செத்துப்போன மாடுகளின் வீடியோ

இரண்டாவது, ‘டார்க் வாட்டர்ஸ்’. 2019-ல் டாட் ஹேன்ஸ் இயக்கியது. ஸ்பாட்லைட்டில் நிருபராக நடித்த மார்க் ரஃபலோதான் இதில் வக்கீல் ராப் பிலாட்.

வெஸ்ட் வர்ஜீனியா மாநிலத்தில் பார்க்கர்ஸ்பர்க் என்று ஓர் ஊர். அங்கே வில்பர் டெனன்ட் என்ற விவசாயி மாடு வளர்த்துக்கொண்டிருந்தார். அவருடைய குடும்பத்து நிலத்தில் ஒரு பகுதி 1980-களில் டூபான்ட் என்ற பெரிய ரசாயன நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. நிறுவனம் அதில் கழிவு கொட்டியது. கழிவுக் கிடங்கிலிருந்து வந்த ஓடையில் நுரை மிதந்தது. அந்தத் தண்ணீரைக் குடித்த மாடுகள் ஒவ்வொன்றாக விழ ஆரம்பித்தன. நூற்றுக்கும் மேல் செத்துப்போயின.

அவர் உள்ளூர் வக்கீல்களிடம் போனார். கால்நடை மருத்துவர்களிடம் போனார். பத்திரிகைக்காரர்களிடம் போனார், அரசு அலுவலகங்களுக்கும் போனார். ஒன்றும் நடக்கவில்லை. ஊரில் பாதிப் பேருக்குச் சோறு போடுவதே அந்த நிறுவனம்தான், யார் பகைத்துக்கொள்வார்கள்? கடைசியில் அவரே ஒரு வீடியோ கேமராவை எடுத்தார். ஓடையைப் படம் பிடித்தார். செத்த மாட்டைத் தானே அறுத்து, உள்ளுறுப்புகள் எப்படி நிறம் மாறியிருக்கின்றன என்று கேமராவுக்குக் காட்டினார். எந்த மருத்துவரும் வராததால் பரிசோதனையை அவரே செய்தார்.

1998-ல் அந்த கேசட்டுகளை எடுத்துக்கொண்டு சின்சினாட்டி நகரத்து வக்கீல் ராப் பிலாட்டைத் தேடி வந்தார். பிலாட்டின் பாட்டி அந்தப் பக்கத்துக்காரர், அந்தத் தொடர்பில்தான் நம்பர் கிடைத்தது. இதில் வேடிக்கை என்னன்னா, பிலாட் வேலை பார்த்த அலுவலகம் ரசாயன நிறுவனங்களுக்காக வாதாடுகிற அலுவலகம். அதாவது எதிர்த்தரப்பு வக்கீல். ஆனாலும் அவர் கேசட்டைப் போட்டுப் பார்த்தார்.

வழக்கு 1999-ல் தொடங்கியது. மாடுகளின் சாவை ஆராய நிறுவனமும் அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் சேர்ந்து கால்நடை மருத்துவர்களை நியமித்தன. அவர்கள் கொடுத்த அறிக்கை என்ன தெரியுமா? பராமரிப்பு சரியில்லை, தீவனம் போதவில்லை. வாழ்நாள் பூரா மாட்டோடு வாழ்ந்தவரைப் பார்த்து, உனக்கு மாடு வளர்க்கத் தெரியலை என்று எழுதிக்கொடுத்தார்கள்.

அப்புறம் நடந்தது, நாம் ஏற்கெனவே பார்த்த அதே வேலைதான். காகிதம். பிலாட் நிறுவனத்தின் உள் ஆவணங்களைக் கேட்டார். ஒரு லட்சத்துப் பத்தாயிரம் பக்கங்களுக்கு மேல் வந்து இறங்கின. இவ்வளவையும் யார் படிக்கப் போகிறார்கள் என்றுதான் எவருக்கும் தோன்றும். அவர் அலுவலகத் தரையில் உட்கார்ந்து மாதக்கணக்கில் தேதி வாரியாக அடுக்கினார். பிஎஃப்ஓஏ என்ற ரசாயனத்தின் கதை அதிலிருந்து மெல்ல வெளியே வந்தது. டெஃப்லான் தயாரிக்கப் பயன்பட்ட பொருள் அது. நம்ம வீட்டு நான்-ஸ்டிக் தவா ஞாபகம் வருதா? அந்த டெஃப்லான்தான். இது ஆபத்தானது என்று நிறுவனத்தின் சொந்த ஆய்வுகளே பல வருஷம் முன்பு எச்சரித்திருந்தன. அது ஊரின் குடிநீரில் கலந்திருந்ததும் நிறுவனத்துக்குத் தெரிந்திருந்தது.

டெனன்ட் குடும்பத்தின் வழக்கு 2001-ல் சமரசத்தில் முடிந்தது. ஆனால் குடிநீரில் கலந்த விஷயம் அதோடு முடியுமா? ஊர் மக்களின் சார்பில் இன்னொரு வழக்கு. அதன் சமரசத்தின்படி ஏறக்குறைய 70,000 பேர் ரத்தம் கொடுத்தார்கள். அந்த ரத்தத்தை வைத்து, இரு தரப்பும் ஏற்றுக்கொண்ட ஒரு விஞ்ஞானிகள் குழு ஆராய்ந்தது. எத்தனை நாள்? ஏழு வருஷம். 2012-ல்தான் முழு முடிவு வந்தது. சிறுநீரகப் புற்றுநோய், விதைப்பைப் புற்றுநோய் உட்பட ஆறு நோய்களுக்கும் இந்த ரசாயனத்துக்கும் தொடர்பு இருக்க வாய்ப்பு உண்டு என்று அந்தக் குழு சொன்னது. 2017-ல் 3,500-க்கும் மேற்பட்ட வழக்குகளுக்குச் சேர்த்து சுமார் 67 கோடி டாலர் இழப்பீடு.

வில்பர் டெனன்ட் 2009-லேயே இறந்துவிட்டார். அவர் ஓடையைக் காட்டிச் சொன்னது சரிதான் என்று விஞ்ஞானம் முத்திரை குத்தியபோது அவர் இல்லை.

பார்வதியும் செங்கேணியும்

மூன்றாவது படத்தை நான் அறிமுகப்படுத்தவே வேண்டாம். 2021 நவம்பரில் ஓடிடி-யில் வந்த ‘ஜெய் பீம்’, இயக்குநர் த.செ.ஞானவேல். சூர்யா வக்கீல் சந்துருவாக நடித்தார். லிஜோமோல் ஜோஸ் செங்கேணியாகவும், மணிகண்டன் ராசாக்கண்ணுவாகவும் நடித்தார்கள்.

நிஜத்தில் இது 1993-ல் நடந்தது. இன்றைய கடலூர் மாவட்டத்தில் இருக்கும் முதனை கிராமத்தைச் சேர்ந்த ராசாக்கண்ணுவை ஒரு திருட்டு வழக்கில் போலீஸ் பிடித்துப் போனது. பிறகு அவர் தப்பி ஓடிவிட்டார் என்று சொன்னது. அவருடைய மனைவி பெயர் பார்வதி. என் வீட்டுக்காரர் எங்கே என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். உள்ளூர் மார்க்சிஸ்ட் கட்சிக்காரர்கள் கூட நின்றார்கள். அப்படித்தான் விஷயம் சென்னையில் வக்கீல் கே.சந்துருவிடம் வந்தது.

அவர் உயர் நீதிமன்றத்தில் போட்டது ஆட்கொணர்வு மனு. பெயரிலேயே அர்த்தம் இருக்கிறது. ஆளைக் கொண்டுவந்து நிறுத்து. இந்த வகை மனுவில் பொதுவாகச் சாட்சிகளைக் கூண்டில் ஏற்றி விசாரிக்க மாட்டார்கள். படத்தில் சந்துரு அதற்கு அனுமதி கேட்பார். அப்போது கேரளத்தின் ராஜன் வழக்கை முன்னுதாரணமாகக் காட்டுவார். சட்டென்று கடந்துபோகிற இடம் அது. ஆனால் அதற்குப் பின்னால் ஒரு அப்பா இருக்கிறார்.

நெருக்கடி நிலைக் காலம், 1976 மார்ச். கோழிக்கோட்டில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த ராஜனைப் போலீஸ் பிடித்துப் போனது. அப்பா ஈச்சர வாரியர் ஓர் ஆசிரியர். மகனைத் தேடி அதிகாரிகளிடமும் அமைச்சர்களிடமும் நடையாய் நடந்தார். நெருக்கடி நிலை முடிந்ததும் 1977-ல் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். அந்த வழக்கு முதலமைச்சர் கருணாகரனைப் பதவி விலக வைத்தது. ஆனால் மகனின் உடல்கூடக் கிடைக்கவில்லை. ஷாஜி என்.கருண் எடுத்த ‘பிறவி’ என்ற மலையாளப் படம் இந்த அப்பாவின் காத்திருப்பிலிருந்து பிறந்ததாகவே பேசப்படுகிறது.

பாருங்க, கேரளத்து அப்பா ஒருவர் தன் மகனுக்காகத் தட்டிய கதவு, பல வருஷம் கழித்து முதனை கிராமத்துப் பெண் ஒருவரின் வழக்குக்கு வழியாகிறது. ராசாக்கண்ணு வழக்கில் சம்பந்தப்பட்ட காவலர்களுக்கு 2006-ல்தான் தண்டனை கிடைத்தது. பதின்மூன்று வருஷம். அதே வருஷம் சந்துரு சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியானார்.

அப்போ ஏன் எப்பவும் வக்கீல்தான் ஹீரோ?

இதற்கு ஒரு காரணம் வியாபாரம். பெரிய நட்சத்திரம் நடிக்க ஒரு பாத்திரம் வேணும். ஆனா அது மட்டும் இல்லை, திரைக்கதையின் தேவையும் இருக்கிறது. பார்வதிக்கு உண்மை முதல் நாளே தெரியும். டெனன்ட்டுக்கும் தெரியும். அவர்களுக்குக் கண்டுபிடிக்க எதுவும் இல்லை. நமக்குத்தான் ஒன்றும் தெரியாது. அதனால் நம்மைப் போலவே ஒன்றும் தெரியாமல் உள்ளே வந்து, ஒவ்வொன்றாகத் தெரிந்துகொள்ளும் ஒருவர் தேவைப்படுகிறார். அவர் தோளில் கை போட்டுக்கொண்டு நாமும் உள்ளே போகிறோம்.

கேட்டவர்களின் துணிச்சலைக் குறைத்துச் சொல்ல வரவில்லை. பிலாட் தன் அலுவலகத்தின் வாடிக்கையாளர் வட்டத்தையே பகைத்துக்கொண்டார். ராபின்சன் சொந்த ஊரில் நண்பர்களின் முகச்சுளிப்பைச் சந்தித்தார். ஆனால் அவர்களுக்குப் பின்னால் ஒரு அலுவலகம் இருந்தது, சம்பளம் இருந்தது, சட்டம் தெரிந்திருந்தது. முதல்ல சொன்னவருக்கு அது எதுவும் இல்லை. அவர் பொய் சொல்கிறார், பைத்தியம், பணத்துக்காகப் பேசுகிறார் என்றுதான் ஊர் சொல்லும். இரண்டுமே துணிச்சல்தான், ஆனா ரெண்டும் ஒன்று இல்லை.

உண்மையைப் பற்றிய படம் எவ்வளவு உண்மை?

இதையும் பேசாமல் விட்டால் நியாயம் இல்லை. பதின்மூன்று வருஷ வழக்கை இரண்டரை மணி நேரத்தில் சொல்லும்போது காலத்தைச் சுருக்கித்தான் ஆகணும். பத்துப் பேரை மூன்று பேராகச் சேர்ப்பார்கள். அதில் பெரிய தப்பு இல்லை. ஆனால் சில மாற்றங்கள் நிஜ மனிதர்களைத் தொடும்.

‘ஸ்பாட்லைட்’ படத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. பாஸ்டன் கல்லூரியின் செய்தித் தொடர்பாளர் ஜேக் டன், பிரச்சினையை மூடி மறைக்கப் பார்ப்பவர் போல ஒரு காட்சியில் வருவார். நான் அப்படிப் பேசவே இல்லை என்று அவர் எதிர்த்தார். அந்த வசனங்கள் எழுதிச் சேர்க்கப்பட்டவைதான் என்று பட நிறுவனம் பின்னர் பகிரங்கமாக ஒத்துக்கொண்டது. உண்மைக்காகப் போராடியவர்களைப் பற்றிய படம், இன்னொரு நிஜ மனிதரின் வாயில் அவர் சொல்லாததை வைத்துவிட்டது.

‘ஜெய் பீம்’ படத்தில் ராசாக்கண்ணு இருளர் சமூகத்தைச் சேர்ந்தவர். நிஜ ராசாக்கண்ணு குறவர் சமூகத்தைச் சேர்ந்தவர். இருளர்கள் படும் பாடும் உண்மைதான், அது பலருக்குத் தெரிய வந்ததும் நல்லதுதான். ஆனால் எங்கள் கதையில் எங்கள் பெயர் எங்கே என்று குறவர்கள் கேட்டால் அந்தக் கேள்வியும் நியாயமானதுதான். சந்துருவின் பெயர் படத்தில் சந்துருவாகவே இருக்கிறது. பார்வதி, செங்கேணி ஆகிவிட்டார்.

அதனால இந்த மாதிரிப் படம் அடுத்த தடவை பார்க்கும்போது, முடிந்ததும் மூணே மூணு கேள்வி கேட்டுப் பாருங்க. இதை முதல்ல சொன்னது யாரு? அவர் சொன்னதைக் கேட்காமல் போனது யார் யார்? நிஜத்தில் இது எத்தனை வருஷம் எடுத்தது? போனில் பத்து நிமிஷம் தேடினால் மூன்றுக்கும் ஓரளவு பதில் கிடைத்துவிடும். படம் இன்னும் பெரிதாகும், குறையாது.

இந்தக் கேள்விகள் படத்தோடு நிற்பதில்லை என்பதும் உண்மை. நம்ம தெருத் தண்ணியில் வாடை வருது என்று வாரா வாரம் ஒரே ஆள் குடியிருப்போர் வாட்ஸ்அப் குரூப்பில் எழுதிக்கொண்டிருப்பார். நாம் அந்தக் குரூப்பை மியூட் செய்து வைத்திருப்போம். ஆபீஸில் ஒரு பெண் ஒரு மேனேஜரைப் பற்றி ஏற்கெனவே இரண்டு பேரிடம் சொல்லியிருப்பார், மூன்றாவதாக நம்மிடம் வருவார். நாம யாரும் ராப் பிலாட் ஆக வேண்டாம். ஆனா நிருபரா வக்கீலா இல்லாமலே, அந்தச் சாத்திய கதவுகளில் ஒன்றாக இல்லாமல் இருக்க முடியும். ராபின்சன் கெட்டவர் இல்லை. 1993-ல் அவருக்கு நிறைய வேலை இருந்திருக்கும், அவ்வளவுதான்.

‘ஸ்பாட்லைட்’ எப்படி முடியும் என்று ஞாபகம் இருக்கா? கட்டுரை வெளியான அன்று ஞாயிற்றுக்கிழமை. எதிர்ப்பு வரும், திட்டி போன் வரும் என்று எதிர்பார்த்து அலுவலகம் வருகிறார்கள். போன் விடாமல் அடிக்கிறது. அழைத்தவர்கள் பாதிக்கப்பட்டவர்கள். இத்தனை வருஷம் சொல்ல இடம் இல்லாமல் இருந்தவர்கள். ராபின்சன் ஒரு போனை எடுத்துக் காதில் வைக்கிறார். படம் அங்கே முடிகிறது.

நீங்க பார்த்த படங்களில், முதல்ல சொன்னவர் யாருன்னு தேடிக் கண்டுபிடிச்சா எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.